கருவியை மட்டுமல்ல, கையையும் விசாரியுங்கள்



நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்ய நாள் பார்த்தால் முதலில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒஸ்தா மாமாவுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னரே பிள்ளையின் உம்மா நாலு வீட்டில் விசாரித்து முடித்திருப்பார். "அவர்ட கை எப்படி? ஒங்கட மகனுக்கு எத்தின நாளையில புண் ஆறிச்சு?" என்று கேட்காமல் ஒரு தாயும் தன் பிள்ளையை ஒப்படைக்க மாட்டாள். இன்று டொக்டரிடம் கொண்டு போகிறோம். என்றாலும் அதே விசாரிப்புத்தான். கலியாண வீட்டுக்குச் சமையல்காரரைப் பிடிப்பதென்றால்கூட, எத்தனை சஹனுக்கு ஆக்கிப் பழக்கம் என்று கேட்காமல் முற்பணம் கொடுப்பதில்லை.

ஆனால் அதே வீட்டில் அறுபதைத் தாண்டிய வாப்பாவுக்கோ கணவருக்கோ பெரிய சத்திர சிகிச்சை என்று வந்தால் மட்டும் நம் வாய் அடைத்துப் போகிறது. டொக்டர் சொன்னார், தலையாட்டினோம், திகதி எடுத்தோம் என்று முடித்து விடுகிறோம். "இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். அது மரியாதைக் குறைவல்ல, கேட்க வேண்டிய கேள்வி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் சொந்த மூத்த நானாவின் வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன். நானாவும் மதினியும் எழுதச் சொல்லி அனுமதி தந்த பிறகுதான் எழுதுகிறேன்.

நானாவுக்கு வந்த நோய்

நானாவுக்கு அப்போது வயது 63. ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர். இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழும்புவார். வயது போனால் அப்படித்தான் என்று இருந்து விட்டார். மதினிதான் வற்புறுத்தி டொக்டரிடம் அழைத்துப் போனார். பீ.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, பிறகு ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்ஸி. முடிவில் புறஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

புறஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. ஓர் அக்ரூட் கொட்டையின் அளவு இருக்கும். மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளைத்தபடி அமைந்திருக்கிறது. விந்துடன் சேரும் திரவத்தின் ஒரு பங்கு இதிலிருந்துதான் வருகிறது. வயதாக ஆக இது புற்றுநோய் இல்லாமலும் வீங்குவதுண்டு. ஆகவே இரவில் எழும்புகிறவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் என்று நீங்கள் பயந்து விடக் கூடாது. அதே நேரம், இந்தப் புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பதும் உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இது வந்திருந்தால் மற்றவர்களுக்கு வரும் சாத்தியம் கூடுதல். அதனால் நானாவின் செய்தி கேட்டதும் நானும் போய் இரத்தம் கொடுத்துப் பார்த்துக் கொண்டேன்.

கட்டாரில் வேலை செய்யும் நானாவின் மூத்த மகன் அன்றிரவே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சாச்சா, வாப்பாவுக்கு றோபோவுலதான் செய்யணும். வெளிநாட்டுக்குக் கொண்டு போவம். காணிய ஈடு வெச்சாலும் பரவாயில்ல."

றோபோவின் கைகள் திராட்சைப் பழத்தின் தோலைக் கிழித்துத் தைக்கும் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் அந்தக் காணி, வீட்டில் இருக்கும் கடைசி மகளுக்கென்று வைத்திருந்த காணி. மதினி ஒன்றும் பேசாமல் இருந்தார்.

வெட்டத்தான் வேண்டுமா?

எந்த முறையில் வெட்டுவது என்று கேட்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இப்போது வெட்டத்தான் வேண்டுமா?

இங்கிலாந்தில் ப்ரொடெக்ட் என்ற பெயரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 50 முதல் 69 வயது வரையான, நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சத்திர சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர் சிகிச்சை, மற்றப் பிரிவுக்கு உடனே எதுவும் செய்யாமல் தொடர்ந்து கண்காணிப்பு. 15 வருடங்களுக்குப் பிறகு 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பிரிவிலும் இந்த நோயினால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பிரிவுகளுக்கிடையில் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் பிற்காலத்தில் சிகிச்சை பெற வேண்டி வந்தது என்பதும் உண்மை. சத்திர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 18 முதல் 24 பேர் வரை, பல வருடங்கள் சென்ற பின்னும் சிறுநீர்க் கசிவுக்காகத் துணி அல்லது பேட் வைக்க வேண்டியிருந்தது. கதிர் சிகிச்சை பெற்றவர்களில் அது 3 முதல் 8 பேர் வரைதான்.

இதைப் படித்து விட்டு யாரும் தங்கள் வீட்டு நோயாளியின் சிகிச்சையை நிறுத்தி விடக் கூடாது. நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும். கடுமையான வகை என்றால் டொக்டர் சொல்லும் காலத்தைக் கடத்தக் கூடாது. ஆனால் சுரப்பிக்குள் அடங்கிய நோய் பெரும்பாலும் மெதுவாக வளரக்கூடியது. கேட்டு, யோசித்து, இன்னொரு நிபுணரையும் பார்த்து முடிவெடுக்கச் சில வாரங்கள் கிடைக்கும். பயத்தில் அன்றைக்கே திகதி எடுக்க வேண்டியதில்லை.

நானாவின் நோய் நடுத்தரமானது. சத்திர சிகிச்சை நிபுணரையும் கதிர் சிகிச்சை நிபுணரையும் இருவரையும் பார்த்தார்கள். நானா சத்திர சிகிச்சையைத் தெரிவு செய்தார். அதன் பிறகுதான் எந்த முறை, யார் கை என்ற பேச்சு வந்தது.

மயிரிழை வேலை

இந்தச் சுரப்பியை முழுமையாக எடுப்பது ஏன் கடினம்? அது இருக்கும் இடம் அப்படி. இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. மேலே மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், முன்னால் இரத்தம் பெருகும் நாளங்கள், கீழே சிறுநீரை அடக்கி வைக்கும் தசை. இரு பக்கத்திலும் தாம்பத்திய உறவுக்குத் தேவையான மெல்லிய நரம்புகள். சுரப்பியை எடுத்த பிறகு மூத்திரப்பையையும் சிறுநீர்க் குழாயையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கொஞ்சம் ஒதுங்கி வெட்டினால் புற்றுநோய் உள்ளே மிஞ்சலாம். கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் நரம்பும் தசையும் போகலாம். மனிதனின் உயிர், சுத்தம், இல்லறம் மூன்றும் அந்தச் சில மில்லிமீற்றருக்குள் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ யங் என்பவர் 1904இல் இந்தச் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுமையாக எடுத்தார். அதன் பின் நீண்ட காலம், இந்தச் சிகிச்சை செய்த ஆண்களில் அநேகமாக எல்லோருக்குமே தாம்பத்திய சக்தி போய்விடும் என்றே இருந்தது. அந்த நரம்புகள் சரியாக எங்கே ஓடுகின்றன என்பது தெரியாமல் இருந்ததே காரணம். 1981இல் பெற்றிக் வோல்ஷ் என்ற அமெரிக்க நிபுணர் ஹொலண்டின் லெய்டன் நகரில் டொங்கர் என்ற பேராசிரியருடன் சேர்ந்து அந்த நரம்புகளின் பாதையைக் கண்டு பிடித்தார். 1982இல் அவற்றைக் காப்பாற்றும் முறையில் முதல் சிகிச்சையைச் செய்தார். கத்தி அதே கத்திதான். பார்க்கத் தெரிந்த கண்ணும் பழகிய கையும்தான் வித்தியாசத்தை உண்டாக்கின.

இன்று மூன்று முறைகள் உண்டு. வயிற்றின் கீழ்ப் பகுதியைத் திறந்து செய்வது ஒன்று. சிறு துளைகள் போட்டுக் கமராவும் நீண்ட கருவிகளும் செலுத்திச் செய்வது இரண்டாவது. அதே துளைகள் வழியாக றோபோக் கைகளைச் செலுத்திச் செய்வது மூன்றாவது. இது 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. றோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு மேசையில் டொக்டர் அமர்ந்து கைகளை அசைக்கிறார். அந்த அசைவையே றோபோ செய்கிறது. டொக்டரின் கை எப்படியோ றோபோவின் கையும் அப்படியே.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

கைராசி என்று சொல்கிறோமே, அதன் பெரும் பகுதி பழக்கம்தான். இதை எண்ணிக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நான்கு பெரிய வைத்தியசாலைகளில் 1987 முதல் 2003 வரை 72 நிபுணர்கள் 7,765 ஆண்களுக்குத் திறந்த முறையில் செய்த சிகிச்சைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். முன்னர் 10 பேருக்கு மட்டும் செய்திருந்த ஒருவரிடம் போனவர்களில், ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பி வரும் சாத்தியம் நூற்றுக்கு 17.9. முன்னர் 250 பேருக்குச் செய்திருந்தவரிடம் போனவர்களில் அது நூற்றுக்கு 10.7. நோய் ஒன்று, முறை ஒன்று. ஆனாலும் நூறு பேரில் ஏழு பேரின் நிலை மாறுகிறது. அந்த ஏழு பேரும் யாரோ ஒரு வீட்டின் வாப்பாமார்.

துளை போட்டுக் கமராவில் பார்த்துச் செய்யும் முறையை 2009இல் ஆராய்ந்தார்கள். 29 நிபுணர்கள், 4,702 நோயாளிகள். அதில் 10 பேருக்குச் செய்தவரிடம் நோய் திரும்பும் சாத்தியம் நூற்றுக்கு 17. 250 பேருக்குச் செய்தவரிடமும் 16தான். 750ஐ எட்டும் போதுதான் 9 ஆகக் குறைந்தது. இந்த முறை கைக்கு வர அவ்வளவு காலம் எடுக்கிறது. இன்னுமொன்றைக் கவனியுங்கள். திறந்த முறையில் முன்பே பழகி விட்டு இதற்கு மாறியவர்களின் முடிவுகள், தொடக்கத்திலிருந்தே இதைச் செய்தவர்களை விடக் குறைவாக இருந்தன. ஒரு முறையில் கெட்டிக்காரராக இருப்பது மற்ற முறைக்கு அப்படியே போய்ச் சேராது. எங்கள் மத்ரஸாவில் ஒரு கிராஅத்தில் தேர்ந்த காரி மற்றக் கிராஅத்தை ஓத வேண்டுமென்றால் உஸ்தாதின் முன்னால் மறுபடியும் அமரத்தான் வேண்டும்.

றோபோவைப் பற்றியும் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் 326 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் திறந்த முறையிலும் மறு பகுதியினருக்கு றோபோ முறையிலும் செய்ய ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு முறையையும் அதில் பழகிய ஒரே நிபுணர்தான் செய்தார். றோபோவில் இரத்தப் போக்குக் குறைவு. வைத்தியசாலையில் தங்கும் நாளும் குறைவு. ஆனால் சிறுநீரை அடக்குவதிலும் தாம்பத்தியத்திலும், 2016இல் வெளியான 12 வார முடிவிலும் சரி, 2018இல் வெளியான இரண்டு வருட முடிவிலும் சரி, சொல்லக்கூடிய வித்தியாசம் காணப்படவில்லை. அந்த ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளுக்குச் சொன்ன ஆலோசனை, முறையைத் தேடிப் போவதை விட, அனுபவமும் உங்கள் நம்பிக்கையும் உள்ள நிபுணரைத் தேடுங்கள் என்பதே.

இந்தக் கவலை புதியதுமல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் 'அத்தஸ்ரீப்' நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திர சிகிச்சைக்கே ஒதுக்கினார். உடலமைப்பை அறியாமல் கத்தி எடுப்பவர்களைப் பற்றி அதன் ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறார். முதியவர் ஒருவரின் மூத்திரப்பைக் கல்லை எடுக்கப் போன ஒருவர் பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்து விட, அந்த முதியவர் சில நாட்களில் இறந்து போனதைத் தாம் கண்டதாக எழுதுகிறார். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து இழப்பு வந்தால் அவரே பொறுப்பு என்று நமது பிக்ஹு நூல்கள் கூறுவதும் இதனால்தான்.

கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள்

நானாவிடம் இதையெல்லாம் சொன்ன போது அவர், "அந்தப் பெரிய டொக்டர்ட்ட இதெல்லாம் எப்படிடா கேக்கிறது?" என்றார். ஆண்கள் இந்த நோயில் வெட்கப்படுவார்கள். சிறுநீர் கசியுமா என்று கேட்கவே கூசுவார்கள். ஆகவே சகோதரிகளே, இந்தப் பொறுப்பு உங்களிடம்தான் வரும். மதினி ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போனார். அவர் எழுதியவற்றுடன் நான் சேர்த்தவையும் இவை:

1. இப்போதே வெட்ட வேண்டுமா? கதிர் சிகிச்சையோ கண்காணிப்போ இவருக்குப் பொருந்தாதா?

2. நீங்கள் அதிகம் செய்து பழகிய முறை எது? அந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? போன வருடம் எத்தனை?

3. உங்களிடம் செய்தவர்களில் ஒரு வருடத்தின் பின் பேட் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? இந்தக் கணக்கை எழுதி வைக்கிறீர்களா?

4. வெட்டி எடுத்த சுரப்பியின் ஓரத்தில் நோய் தென்பட்டவர்கள் எத்தனை பேர்?

5. இவருக்கு நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா? ஒரு பக்கமா, இரு பக்கமுமா?

6. அன்றைக்குக் கத்தி பிடிப்பது நீங்களா? பயிலும் டொக்டர் செய்வதென்றால் பக்கத்தில் நிற்பவர் யார்?

7. இடையில் சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்வியில் "போன வருடம்" என்பது முக்கியம். எப்போதோ பழகி விட்டு இப்போது அரிதாகச் செய்பவரின் கையும், வாரந்தோறும் செய்பவரின் கையும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டல் நிறுவனமான நைஸ், வருடத்துக்குக் குறைந்தது 150 பேருக்காவது செய்யக்கூடிய இடங்களிலேயே றோபோச் சிகிச்சையை வைக்கும்படி 2014இல் கூறியது. அமெரிக்காவில் 11,522 நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆராய்ச்சியும், அதிகம் செய்பவர்களிடம் பின்விளைவுகளும் நீண்டகாலச் சிறுநீர்த் தொல்லைகளும் குறைவு என்றே காட்டியது.

எண்ணிக்கை மட்டுமே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நிறையச் செய்தும் கவனம் இல்லாதவர் இருக்கலாம். குறைவாகச் செய்தும், மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு நிதானமாகச் செய்யும் இளையவர் இருக்கலாம். இளையவர்கள் பழகாவிட்டால் நாளை நம் பிள்ளைகளுக்குச் செய்ய யார் இருப்பார்கள்? அரசாங்க வைத்தியசாலையில் நமக்கு விருப்பமான டொக்டரைத் தெரிவு செய்யும் வசதி எப்போதும் கிடைப்பதில்லை. என்றாலும் கேட்கும் உரிமை எங்கும் உண்டு. நல்ல டொக்டர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

அந்த டொக்டர் சொன்ன பதில்

மதினி கொப்பியைத் திறந்து, "டொக்டர், குறை நினைக்க வேணாம். இத நீங்க எத்தின பேருக்குச் செஞ்சிருக்கீங்க?" என்று கேட்ட போது நானும் பக்கத்தில் இருந்தேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"திறந்து செய்யிற முறையில முந்நூறுக்கு மேல. கமரா முறையில இருபது வரைக்கும்தான். அது இப்பதான் பழகுறன். உங்கட கணவருக்குத் திறந்துதான் செய்வன்" என்றார். பிறகு, "நீங்க றோபோவுக்குப் போறதெண்டாலும் போகலாம். ஆனா அங்கயும் இதே கேள்விய இதே மாதிரிக் கேளுங்க" என்றும் சொன்னார்.

வெளிநாட்டு வைத்தியசாலைக்கும் மகன் எழுதிக் கேட்டார். றோபோவைப் பற்றி அழகான புத்தகம் ஒன்று அனுப்பினார்கள். செய்யப் போகிறவர் யார், எத்தனை பேருக்குச் செய்தவர் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நானா காணியை ஈடு வைக்க வேண்டாம் என்று சொல்லி விட்டார். வெளிநாட்டில் தேர்ந்தவர்கள் இல்லை என்பதல்ல இதன் பொருள். தேர்ந்த றோபோ நிபுணர் ஒருவர் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் முடிவு வேறாகவும் இருந்திருக்கலாம்.

சிகிச்சைக்குப் பின்

எவ்வளவு தேர்ந்த கை செய்தாலும் சிகிச்சைக்குப் பின் ஒரு சோதனைக் காலம் இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் சிறுநீருக்குக் குழாய் வைத்திருப்பார்கள். குழாயை எடுத்ததும் அநேகருக்குக் கசிவு இருக்கும். மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை முன்கூட்டியே பழகிக் கொள்வது நல்லது. தாம்பத்திய சக்தி திரும்ப ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. விந்து வெளியாகாது, ஆகவே இயற்கையான முறையில் பிள்ளைப் பேறும் இருக்காது. இதைக் கணவனும் மனைவியும் முன்னரே பேசிக் கொள்ள வேண்டும். பேசாமல் விட்டால் அவர் தன்னைக் குறைந்தவராக எண்ணி ஒதுங்கத் தொடங்குவார்.

நானாவை மிகவும் வாட்டியது கசிவுதான். சுத்தமில்லை என்று எண்ணிப் பள்ளிக்குப் போவதை நிறுத்தி விட்டார். இது நான் படித்த துறை என்பதால் அவருக்கு விளக்கினேன். தொடர்ந்து சிறுநீர் கசியும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நமது ஷாபிஈ மத்ஹபின்படி, தொழுகை நேரம் வந்த பின் கழுவி, பேட் வைத்து, வுழூச் செய்து, தாமதிக்காமல் அந்தப் பர்ளைத் தொழலாம். இடையில் கசிந்தாலும் தொழுகை நிறைவேறும். அடுத்த பர்ளுக்கு அதே போல மீண்டும் செய்து கொள்ள வேண்டும். இதைக் கேட்ட அன்று அவர் அழுது விட்டார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் நின்றார்.

எட்டு மாதத்தில் பேட் தேவைப்படாமல் போயிற்று. பீ.எஸ்.ஏ. இதுவரை ஏறவில்லை. இதை அந்த டொக்டரின் கைக்குச் சான்றாக நான் சொல்லவில்லை. ஒரு ஆளின் முடிவு கணக்காகாது. ஷிபா தருபவன் அல்லாஹ். ஆனால் எந்தக் கையில் ஒப்படைக்கிறோம் என்று தெரிந்து ஒப்படைத்தோம் என்ற நிம்மதி அந்த வீட்டில் இருந்தது. முடிவு வேறு மாதிரி வந்திருந்தாலும் அந்த நிம்மதி இருந்திருக்கும்.

அந்தக் கொப்பி இப்போது மதினியிடம் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சகோதரி தன் வாப்பாவுக்காக வாங்கிப் போயிருக்கிறார். நீங்களும் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாமல் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. தேவைப்பட்டால், வாய் திறந்து கேளுங்கள்.